சதுர ஸ்பின் ஐஸில் நானே வைத்த குறைபாடுகள்: சுவர்கள் ஏன் சொன்ன இடத்தில் நிற்க மாட்டேன் என்கின்றன?

#1 தீவுக்காரன்

வணக்கம். இத்தனை நாளாகப் படித்துவிட்டுப் போகிறவன்தான், இப்போது மாட்டிக்கொண்டதால் எழுதுகிறேன்.

செய்தது இதுதான். பெர்மலாய் தீவுகள் (நிக்கல் 80, இரும்பு 20), ஒவ்வொன்றும் 220 நானோமீட்டர் நீளம், 80 அகலம், 25 தடிமன். 2006-ல் ஷிஃபர் குழு முதல் செயற்கைச் சதுர ஸ்பின் ஐஸுக்கு எடுத்துக்கொண்ட அதே அளவு. அணிக்கோவை இடைவெளி 320 நானோமீட்டர். சிலிக்கான் மேல் நைட்ரைடு பூச்சு. கியூரி வெப்பநிலைக்கு (பொருள் தன் காந்தத்தன்மையை இழக்கும் வெப்பநிலை) மேலே சூடேற்றி, அவசரப்படாமல் ஆறவிட்டேன். எம்.எஃப்.எம். (காந்த விசை நுண்ணோக்கி) படத்தில் டொமைன்கள், அதாவது ஒரே ஒழுங்கில் அமைந்த பகுதிகள், அழகாகவே தெரிகின்றன, நடுவே சுவர்களும்.

இதில் என் சொந்தச் சரக்கு: 20 சந்திக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு தீவை வடிவமைப்புக் கோப்பிலிருந்தே எடுத்துவிட்டேன். அதாவது 6.4 மைக்ரானுக்கு ஒரு காலியிடம். சுவர்கள் காலியிடங்களில் வந்து சிக்கிக்கொள்ளும், அப்படியே சுவர்களின் வரைபடத்தை நானே தீர்மானிக்கலாம் என்று நினைத்தேன்.

நடந்தது வேறு. சில சுவர்கள் காலியிடத்தைத் தொட்டுப் போகின்றன. பல சுவர்கள் பக்கத்திலேயே போய்விட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு ஸ்கேனில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேர்ச் சுவர் வேறு. காலியிடம் உண்மையிலேயே சுவரை இழுக்குமா, இல்லை நான்தான் ஆசைப்பட்டு நம்பிவிட்டேனா?

#2 புதுமுகம்7

கேள்விக்குப் பதில் தெரியாது, ஆனால் எனக்குக் கேள்வியே பாதிதான் புரிகிறது. சந்தி, சுவர், ஐஸ் எல்லாம் யாராவது கொஞ்சம் சொல்ல முடியுமா? காந்தத்துக்கும் ஐஸுக்கும் என்ன சம்பந்தம்?

#3 சந்திமேடு

புதுமுகம், நல்ல கேள்வி. இழை நீளப்போகிறது, அடித்தளம் இருந்தால் எல்லோருக்கும் நல்லது.

தண்ணீர் உறைந்த பனிக்கட்டியில் ஒவ்வொரு ஆக்சிஜனைச் சுற்றியும் நான்கு ஹைட்ரஜன். இரண்டு பக்கத்தில், இரண்டு தள்ளி. எந்த இரண்டு பக்கத்தில் என்பதற்குப் பல வழி உண்டு. அதனால்தான் பூஜ்ய வெப்பநிலையை நெருங்கினாலும் ஒரு மிச்ச என்ட்ரோபி இருக்கும் என்று 1935-ல் பாலிங் கணக்குப் போட்டார். 1997-ல் ஹோல்மியம் டைட்டனேட் படிகத்தில் காந்தத் திருப்பங்கள் அதே விதிப்படி நடப்பதைப் பார்த்தார்கள்: நான்முகி ஒவ்வொன்றிலும் இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. அதுதான் ஸ்பின் ஐஸ்.

செயற்கை ஸ்பின் ஐஸ் என்பது அதையே கண்ணுக்குத் தெரிகிற அளவில் வரைவது. நீளமான சின்னத் தீவு ஒன்று ஒரே டொமைனாக, முழுக்க ஒரே திசைக் காந்தமாக இருக்கும். அதன் காந்தம் நீளவாக்கில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பார்க்கும், வேறு வழி கிடையாது. நான்கு தீவுகள் முனையோடு முனை சந்திக்கும் இடம்தான் சந்தி. 16 விதமாக அமையலாம். அதில் இரண்டு, ஆற்றல் மிகக் குறைந்த முதல் வகை: எதிரெதிர் தீவுகள் இரண்டும் உள்ளே பார்க்கும், மற்ற இரண்டும் வெளியே. நான்கு, இரண்டாம் வகை: அதிலும் இரண்டு உள்ளே இரண்டு வெளியேதான், ஆனால் காந்தம் சந்தியைக் கடந்து நேராகப் போகும். எட்டு, மூன்றாம் வகை: மூன்றுக்கு ஒன்று, அதாவது ஒற்றைமுனை (தனியாக நிற்கும் வடமுனையோ தென்முனையோ போன்றது) உட்கார்ந்திருக்கும் சந்தி. மிச்சம் இரண்டு நான்காம் வகை, எல்லாம் உள்ளே அல்லது எல்லாம் வெளியே. அதைப் பார்ப்பதே அபூர்வம்.

ஒரு சந்தியில் உள்ள ஆறு ஜோடிகளையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாது. யாராவது ஒருவர் முகம் சுளிக்கத்தான் வேண்டும். இந்தத் திண்டாட்டம்தான் இந்தத் துறைக்கே மூலதனம்.

எல்லாச் சந்தியும் முதல் வகையாக இருந்தால் அது தரைநிலை. அது இரண்டு விதமாக வரும், சதுரங்கப் பலகையில் கறுப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றினது போல. ஒரு பகுதி ஒரு விதமாகவும் பக்கத்துப் பகுதி மற்ற விதமாகவும் உறைந்தால், நடுவில் இரண்டாம் வகைச் சந்திகள் வரிசையாக நிற்கும். அதுதான் தீவுக்காரன் சொல்கிற சுவர்.

#4 மாண்டிகார்லோ

காலியிடம் இழுக்குமா என்பதற்குக் காகிதத்திலேயே பதில் கிடைக்கும். பக்கத்துத் தீவுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

செங்குத்தாகச் சந்திக்கும் ஜோடியின் வலிமை ஜே1, நேர்கோட்டு ஜோடியின் வலிமை ஜே2. முதல் வகைச் சந்தியின் ஆற்றல்: கழித்தல் 4 ஜே1, கூட்டல் 2 ஜே2. இரண்டாம் வகை: கழித்தல் 2 ஜே2 மட்டும், ஏனென்றால் செங்குத்து ஜோடிகளில் இரண்டு பிடித்து இரண்டு பிடிக்காமல் அடித்துக்கொண்டு போகும். ஆக, சுவர் ஒரு சந்தியைக் கடக்கக் கட்டவேண்டிய சுங்கம் 4(ஜே1 − ஜே2).

இப்போது ஒரு தீவை எடுங்கள். அதன் இரு முனையிலும் இருந்த சந்திகள் மூன்று தீவுச் சந்திகளாகும். அங்கே தரைநிலை: கழித்தல் 2 ஜே1, கூட்டல் ஜே2. சுவர் கடந்தால்: கழித்தல் ஜே2. வித்தியாசம் 2(ஜே1 − ஜே2). சுங்கம் சரிபாதி!

தீவைப் புள்ளி இருமுனையாக எடுத்தால் ஜே1 : ஜே2 = 2.12 : 1. அப்படியானால் சாதாரணச் சந்தியின் சுங்கம் 2.11 ஜே1, காலியிடத்துச் சந்தியின் சுங்கம் 1.06 ஜே1. சுவர் வளைந்து இரு முனைச் சந்திகளையும் தொட்டுப் போனால் மொத்த லாபம் 2.11 ஜே1. இழுக்கும். அதில் சந்தேகமே இல்லை.

#5 குறுக்குக்கேள்வி

கணக்கு அழகு. ஆனால் 25 நானோமீட்டர் தடிமன் தீவு அறை வெப்பநிலையில் கல் மாதிரி உறைந்து கிடக்கும். தடை ஆற்றல் (ஒரு தீவு புரளத் தாண்டவேண்டிய ஆற்றல்) லட்சக்கணக்கான கெல்வினாக இருக்கும்போது 2.11 ஜே1 லாபம் வந்து என்ன, வராமல் என்ன? சுவர் நகர்ந்து போய் லாபம் பார்க்க முடிந்தால்தானே?

#6 மாண்டிகார்லோ

அறை வெப்பநிலையில் யாரும் நகரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவு அங்கே எடுக்கப்படுவதில்லை. கியூரிக்குச் சற்றுக் கீழே, காந்தம் இன்னும் பலவீனமாக இருக்கும்போதே எடுக்கப்படுகிறது. தீவின் தடையும் காந்த அளவின் வர்க்கத்தோடு போகும், தீவுகளுக்கு இடையேயான ஈர்ப்பும் அதே வர்க்கத்தோடு போகும். ஆகவே இரண்டின் விகிதம் வெப்பநிலையைப் பொறுத்ததல்ல, வடிவத்தைப் பொறுத்தது. இந்த அளவுத் தீவுகளுக்கு ஜே1, தடையில் தோராயமாகப் பத்தில் ஒன்று.

ஒரு தீவு சில நிமிடத்துக்கு ஒரு முறை புரளுகிற நிலை என்றால் தடை சுமார் 25 கேடி (கேடி என்பது அந்த வெப்பநிலையின் வெப்ப ஆற்றல்). அதுதான் உறைகிற தருணம். அப்போது ஜே1 இரண்டரை கேடி. காலியிடத்தின் லாபம் ஐந்து கேடிக்கு மேல். அது சின்னத் தொகை இல்லை.

#7 குறுக்குக்கேள்வி

சரி, அந்த வர்க்க விஷயத்தை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் தீவுக்காரன் படத்தில் ஏன் தெரியவில்லை?

#8 பழையரெசிஸ்ட்

நான் கோட்பாட்டுக்காரன் இல்லை, எலக்ட்ரான் கற்றையோடு குடித்தனம் நடத்துகிறவன். தம்பி, மூன்று கேள்வி.

ஒன்று, எஸ்.இ.எம்.-ல் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) காலியிடத்தைப் பார்த்தீர்களா? கோப்பில் எடுத்தது தட்டிலும் போயிருக்கிறதா? லிஃப்ட்-ஆஃப் (ரெசிஸ்ட் பூச்சைக் கரைத்து வேண்டாத உலோகத்தைக் களைவது) சரியாக நடக்காமல் கிழிந்த உலோகத் துண்டு அந்தக் குழியிலேயே வந்து படுத்துக்கொள்வது உண்டு.

இரண்டு, தீவு ஓரங்களில் காது முளைத்திருக்கிறதா? ரெசிஸ்ட் சுவரில் ஏறிய உலோகம் லிஃப்ட்-ஆஃபுக்குப் பிறகு வேலிபோல் நிற்கும். ஒவ்வொரு தீவிலும் ஒவ்வொரு அளவு. தடை ஆற்றலைத் தாறுமாறாக்கிவிடும்.

மூன்று, அந்த ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்க்கோடு. இரண்டு ஸ்கேனிலும் அது தட்டின் எந்த இடத்தில் இருந்தது? உங்கள் எழுதுகளம் (மேடை நகராமல் கற்றை எழுதும் பரப்பு) எத்தனை மைக்ரான்?

#9 புதுமுகம்7

இன்னொன்று இருக்கலாமா? ஒரு தீவை எடுத்தால் அதை எழுதாததால் சிதறி வரும் எலக்ட்ரான்களும் குறையும். அக்கம்பக்கத் தீவுகளுக்கு டோஸ் குறைந்து அவை ஒல்லியாகிவிடாதா? வகுப்பில் அருகாமை விளைவு என்று படித்தோம்.

#10 பழையரெசிஸ்ட்

யோசனை சரியான திசைதான், ஆனால் அளவு பார்க்க வேண்டும். பின்சிதறல் 30 கிலோவோல்ட்டில் சிலிக்கானில் சில மைக்ரான் போகும், 100 கிலோவோல்ட்டில் 30 மைக்ரான் வரை. அந்த வட்டத்துக்குள் நூற்றுக்கணக்கில் தீவுகள் எழுதப்படுகின்றன. அதில் ஒன்று குறைந்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரியவே தெரியாது. அணியின் வெளி ஓரத்தில் இருக்கிற தீவுகளுக்குத்தான் அந்தக் கவலை. அங்கே பாதி ஊரே காலி.

#11 தீவுக்காரன்

பழையரெசிஸ்ட் அண்ணா, காலியிடங்களைப் பார்த்துவிட்டேன். 40-ல் ஒன்றில் மட்டும் ஏதோ துணுக்கு இருக்கிறது, மற்றதெல்லாம் சுத்தம். காது இருக்கிறது, அதிகமில்லை.

எழுதுகளம் 100 மைக்ரான்.

இதைத் தட்டச்சு செய்யும்போதே வயிறு கலங்குகிறது. இரண்டு நேர்க்கோட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை இப்போதுதான் மேடை ஆயங்களை வைத்துக் கழித்துப் பார்த்தேன். 100 மைக்ரான்.

#12 பழையரெசிஸ்ட்

தையல் பிழை. கைகுலுக்குகிறேன், நீங்களும் சங்கத்தில் சேர்ந்தாயிற்று.

புதுமுகத்துக்காக: கற்றையை ஓர் அளவுக்கு மேல் வளைக்க முடியாது. ஒரு களம் எழுதி முடித்ததும் மேடை நகர்ந்து அடுத்த களம். இரண்டு களமும் சந்திக்கும் விளிம்பில் பத்து, இருபது நானோமீட்டர் விட்டுப்போவது சகஜம். கோடு இழுத்துக் கம்பி செய்கிறவர்களுக்குக் கண்ணில் படும். தனித்தனித் தீவு என்றால் சட்டென்று தெரியாது, ஏனென்றால் எந்தத் தீவும் உடைந்திருக்காது. இடைவெளி மட்டும்தான் மாறியிருக்கும்.

#13 தீவுக்காரன்

எஸ்.இ.எம்.-ல் அந்த வரிசையைத் தேடிப் போய் அளந்தேன். விளிம்புக்கு வலப்பக்கக் களம் முழுக்க 20 நானோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது. சந்திக்கு இடப்பக்கத் தீவின் முனை நடுவிலிருந்து 50 நானோமீட்டர், வலப்பக்கத் தீவின் முனை 70. இத்தனை மாதம் அதன் மேலேயே ஸ்கேன் ஓட்டியிருக்கிறேன், கண்ணில் படவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். நான் ஒரு முழுத் தீவையே பிடுங்கியிருக்கிறேன். அதைவிட 20 நானோமீட்டர் நகர்வு பெரிய குறைபாடா?

#14 மாண்டிகார்லோ

ஒற்றைச் சந்தியில் இல்லை. வரிசையாகக் கூட்டினால் ஆம்.

இடைவெளி 320-ல் செங்குத்து ஜோடியின் மையங்களுக்கு நடுவே 226 நானோமீட்டர். வலது தீவு 20 தள்ளினால் 241. கனத்தில் குறைவதால் அந்த ஜோடியின் வலிமை 17 சதவீதம் போய்விடுகிறது. சந்தியில் நான்கு செங்குத்து ஜோடியில் இரண்டு, இரண்டு நேர்கோட்டு ஜோடியில் ஒன்று இப்படிப் பாதிக்கப்படும். மொத்தத்தில் சுவர்ச் சுங்கம் சந்திக்கு எட்டிலிருந்து ஒன்பது சதவீதம் தள்ளுபடி. அதாவது 0.18 ஜே1.

சின்னதுதான். ஆனால் சுவர் அந்த வரிசையிலேயே நெளிந்து நெளிந்து இறங்கினால் ஒவ்வொரு சந்தியிலும் தள்ளுபடி. உங்கள் காலியிடங்களுக்கு இடையே 20 சந்தி. 20 தடவை 0.18, மொத்தம் 3.6 ஜே1. ஒரு காலியிடத்தின் இரு முனையையும் தொட்டால் கிடைப்பது 2.11. அதற்காக வழி விலகி இரண்டு சந்தி கூடுதலாகக் கடந்தால் அந்த லாபமும் போய், கையை விட்டுத்தான் கட்டவேண்டும்.

உங்கள் சுவர் முட்டாள் இல்லை. மலிவான சாலையில் போயிருக்கிறது.

எச்சரிக்கை: இது புள்ளி இருமுனைக் கணக்கு. அசல் தீவில் காந்த மின்னூட்டம் முனைகளில் குவிந்திருக்கும், ஜே2 ஒப்பீட்டளவில் பெரிதாகும், சுங்கம் குறையும். துல்லியம் வேண்டுமானால் மியூமேக்ஸ்-3 என்ற காந்த உருவக மென்பொருளில் ஒரே ஒரு சந்தியைப் போட்டு எடுங்கள். பெர்மலாயின் பரிமாற்ற நீளம் ஐந்தரை நானோமீட்டர் அளவுதான், ஆகவே கணக்குக் கட்டம் (செல்) ஐந்து நானோமீட்டருக்கு மேல் போகாமல்.

#15 சந்திமேடு

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தீவுக்காரன் காலியிடத்திடம் அதன் சக்திக்கு மீறிய வேலையைக் கொடுத்திருக்கிறார்.

காலியிடம் சுவரை அழைக்கும், கட்டாயப்படுத்தாது. ஒரு தீவைப் பிடுங்கினாலும் சுற்றியுள்ள தரைநிலை கெடுவதில்லை. இரண்டு விதத் தரைநிலையும் அங்கே சமமாகவே பொருந்தும். சுவர் வந்தால் தள்ளுபடி, வராவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. தட்டில் சுவரே உருவாகாமல் உறைந்தால் காலியிடம் பாட்டுக்குச் சும்மா கிடக்கும்.

கட்டாயப்படுத்துகிற குறைபாடு வேண்டுமென்றால் வரிசைப் பிசகு வைக்க வேண்டும். பாதி அணிக்கோவைக்குள் ஒரு வரிசையைக் கூடுதலாகச் செருகி, நடுவில் நிறுத்திவிடுவது. சதுரங்கப் பலகையில் பாதி வரை மட்டும் ஒரு கூடுதல் வரிசையைச் செருகிப் பாருங்கள். அந்த இடத்தைச் சுற்றி வந்தால் கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று எண்ணிக்கொண்டே வந்து, தொடங்கிய கட்டத்துக்கு வரும்போது நிறம் மாறியிருக்கும். எப்படி வண்ணம் பூசினாலும் எங்காவது ஓர் இடத்தில் இரண்டு கறுப்பு ஒட்டிக்கொள்ளும். காந்தத்தில் அந்த ஒட்டுதான் சுவர். பிசகிலிருந்து ஒரு சுவர் கிளம்பியே ஆகவேண்டும். அது இன்னொரு பிசகிலோ தட்டின் ஓரத்திலோதான் முடிய முடியும்.

இது வெறும் கற்பனை இல்லை. 2017-ல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் டிரிஸ்கோ, மார்ஷ், கம்மிங்ஸ் மூவரும் செய்து காட்டினார்கள். பெர்மலாய்க்குப் பதில் கியூரி வெப்பநிலை குறைந்த இரும்பு-பல்லேடியம் கலவை, அதனால் அனீல் செய்வதும் (சூடேற்றி ஆறவிடுவதும்) சுலபம். பிசகு இருக்கும் இடத்திலிருந்து சுவர் நீண்டு போவது படத்தில் அப்படியே தெரிந்தது.

ஆக, இரண்டையும் சேர்த்து யோசியுங்கள். சுவர் இருக்குமா இல்லையா என்பதைப் பிசகு முடிவு செய்யும். எந்த வழியாகப் போகும் என்பதில்தான் காலியிடத்துக்குப் பேச்சு உண்டு.

#16 குறுக்குக்கேள்வி

அக்கா சொன்னதில் ஒரு மறுப்பு இல்லை, ஒரு இணைப்பு. "குறைபாடு" என்ற சொல்லே இங்கே நழுவுகிறது. சதுர அணிக்கோவையில் ஓர் ஒழுங்கோடு தீவுகளை எடுத்துக்கொண்டே போனால் சக்தி என்ற பெயரில் ஓர் அணிக்கோவை வரும், டெட்ரிஸ் என்று இன்னொன்று வரும். 2014-ல் சக்தி, 2016-ல் டெட்ரிஸ் என்று கில்பர்ட் முதலானவர்கள் வெளியிட்டார்கள். அங்கே எல்லாச் சந்தியையும் ஒரே நேரத்தில் தன் குறைந்த ஆற்றலில் வைக்கவே முடியாது. ஒரு காலியிடம் என்றால் குறைபாடு, ஒழுங்காக ஆயிரம் காலியிடம் என்றால் புதுப் பொருள். எந்த இடத்தில் ஒன்று மற்றொன்றாகிறது?

#17 சந்திமேடு

ஒரு காலியிடம் தன் தாக்கத்தை எவ்வளவு தூரம் சொல்ல முடிகிறதோ, அந்தத் தூரத்துக்குள் அடுத்த காலியிடம் வந்துவிட்டால். தீவுக்காரனின் 20 சந்தி இடைவெளியில் அவை ஒன்றோடொன்று பேசவே இல்லை. நாலு சந்திக்கு ஒன்று வைத்தால் வேறு கதை. கோடு எங்கே என்று கேட்டால், அது ஒரே எண் இல்லை, எந்த வெப்பநிலையில் உறைந்தது என்பதைப் பொறுத்து மாறும்.

#18 மாண்டிகார்லோ

காலியிடத்தின் இன்னொரு குணத்தை யாரும் சொல்லவில்லை, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

சந்தியின் காந்த மின்னூட்டம் என்பது உள்ளே பார்க்கும் தீவுகளுக்கும் வெளியே பார்க்கும் தீவுகளுக்கும் உள்ள வித்தியாசம். நான்கு தீவுச் சந்தியில் அது பூஜ்யம், 2, 4 என்று இரட்டைப்படை. மூன்று தீவுச் சந்தியில் 1 அல்லது 3. அதாவது பூஜ்யமாகவே முடியாது, எப்போதும் கையில் ஒரு காசு இருக்கும். கழித்தல் 1 இருக்கிற சந்தியில் ஒரு கூட்டல் 2 ஒற்றைமுனை வந்து சேர்ந்தால் கூட்டல் 1 ஆகிவிடும். ஒற்றைமுனை காணாமல் போனது, சந்தி நிறம் மாறியது, அவ்வளவுதான்.

அதையே திருப்பினால் காலியிடம் ஒற்றைமுனையைத் துப்பவும் செய்யும். சாதாரண இடத்தில் ஒரு தீவைப் புரட்டினால் இரண்டு ஒற்றைமுனை பிறக்கும், செலவு 8 ஜே1 − 4 ஜே2. காலியிடத்தை ஒட்டிய தீவைப் புரட்டினால் (நேர்கோட்டு ஜோடியில் ஒன்றை, நடுத்தண்டை அல்ல) ஒன்றுதான் பிறக்கும், செலவு 6 ஜே1 − 4 ஜே2. எண்ணில் 6.1-க்கு 4.1. மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

காந்தப் புலம் கொடுத்துப் புரட்டும் சோதனைகளில் இது பெரிய விஷயம். காந்தத் திருப்பம் எங்கே தொடங்குகிறது என்பதை நீங்கள் குறித்துக் கொடுக்கலாம்.

#19 பழையரெசிஸ்ட்

புலத்தில் என்றால் தீவைப் பிடுங்க வேண்டியதே இல்லை. அகலத்தை மாற்றினால் போதும். 80-க்குப் பதில் 100 அகலம் வைத்தால் நீளவாக்குப் பிடிவாதம் குறையும், அந்தத் தீவுதான் முதலில் புரளும். ஒல்லியாக்கினால் கடைசி வரை நிற்கும். பால் ஷெரர் நிறுவனத்தின் ஹைடர்மன் குழு ககோமே அணிக்கோவையில் (தீவுகள் மூன்று மூன்றாகச் சந்திப்பது) இப்படித் தீவுகளின் வடிவத்தை மாற்றியே சரிவு, அதாவது ஒன்றையடுத்து ஒன்றாகத் தீவுகள் புரள்வது, எங்கே தொடங்கவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்று கட்டுப்படுத்தினார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. நீங்கள் வேண்டுமென்றே கொடுக்கும் வித்தியாசம், செய்முறையில் தானாக வரும் வித்தியாசத்தைவிடத் தெளிவாகப் பெரிதாக இருக்க வேண்டும். ஓரம் பிசிறடித்து, காது முளைத்து, எல்லாத் தீவின் புரட்டுப் புலமும் ஐந்து சதவீதம் அங்குமிங்கும் சிதறினால், நீங்கள் வைத்த இரண்டு சதவீதக் குறைபாடு கூட்டத்தில் காணாமல் போன குழந்தைதான். நான் புது வடிவம் எதையும் எழுதுவதற்கு முன் வெறும் அணிக்கோவை ஒன்றை எழுதிச் சிதறலை அளந்துவிடுவேன். இளவட்டங்கள் யாரும் கேட்பதில்லை.

#20 தீவுக்காரன்

நான் அளக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு பயம்: எம்.எஃப்.எம். ஊசியே தீவுகளைப் புரட்டியிருக்குமா? குறிப்பாகக் காலியிடத்தை ஒட்டிய தீவுகளை?

#21 சந்திமேடு

ஆம், அது நடக்கும். எனக்கே நடந்தது. ஒரு பழைய ஆய்வகத்தில் பெட்டியில் கிடந்த ஊசியை எடுத்து மாட்டினேன், வலுவான பூச்சு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. காலியிடங்களைச் சுற்றி ஒற்றைமுனைகள் கொத்துக் கொத்தாக இருந்தன. இரண்டு வாரம் அதற்குக் கோட்பாடு யோசித்துக்கொண்டிருந்தேன்! பிறகு அதே இடத்தை எதிர்த்திசையில் ஸ்கேன் செய்தபோது கொத்துகள் மறுபக்கம் போய் உட்கார்ந்திருந்தன.

செய்யவேண்டியது: குறைந்த காந்தம் உள்ள ஊசி, தூக்கும் உயரத்தைக் கொஞ்சம் கூட்டுவது, ஒரே இடத்தை இரண்டு முறை எடுத்து ஒப்பிடுவது. படம் ஒன்றாக இருந்தால் நம்பலாம். மாண்டிகார்லோ சொன்ன மூன்றில் ஒரு பங்கு மிச்சம் ஊசிக்கும் பொருந்தும், அதனால் முதலில் ஏமாறுவது காலியிடத்து அயலார்தான்.

ஊசியை வைத்து வேண்டுமென்றே தீவைப் புரட்டி எழுதுபவர்களும் உண்டு. 2018-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கார்ட்சைடும் குழுவினரும் அந்த வழியில் ககோமே ஸ்பின் ஐஸின் தரைநிலையையே எழுதிக் காட்டினார்கள். எனக்கு வந்த வியாதி அவர்களுக்கு மருந்து.

#22 புதுமுகம்7

பிடுங்குவது, அகலமாக்குவது, வரிசையைச் செருகுவது சரி. எதையாவது கூடுதலாக வைத்தும் மாற்றலாமா?

#23 மாண்டிகார்லோ

வைக்கலாம். சந்தியின் நடுவில் ஒரு சின்ன வட்டத் தட்டு. 2018-ல் உப்சாலாவில் ஓஸ்ட்மன், யோர்வார்சன் முதலானவர்கள் செய்தது. வட்டத்துக்கு நீளவாக்கு என்று ஒன்று கிடையாது, அதன் காந்தம் எந்தப் பக்கமும் சாயும். நான்கு தீவுகளுக்கு நடுவே தரகர் மாதிரி நின்று ஜே1, ஜே2 விகிதத்தை மாற்றிவிடும். விட்டத்தை மாற்ற மாற்ற விகிதம் மாறும். முதல் வகையையும் இரண்டாம் வகையையும் சமமாக்கும் அளவுக்கே போகலாம், அதாவது பனிக்கட்டியின் அசல் குழப்பம் திரும்பக் கிடைக்கும். அதே காரியத்தை 2016-ல் பெரின், கனால்ஸ், ரூஜ்மாய் மூவரும் ஒரு திசைத் தீவுகளை மட்டும் உயரத்தில் தூக்கி வைத்துச் சாதித்தார்கள். தட்டு வைப்பது அதைவிடச் சுலபம், ஒரே அடுக்கு லித்தோகிராபி போதும். ஒரு சந்தியில் மட்டும் வைத்தால் அதுவே உள்ளூர்க் குறைபாடு. தீவைப் பிடுங்குவதைப் போல முரட்டுத்தனம் இல்லை, திருகாணி மாதிரி அளவாகத் திருப்பலாம்.

#24 குறுக்குக்கேள்வி

இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்பார்கள், நானே கேட்டுவிடுகிறேன். "மூளை மாதிரிக் கணினி" என்று பதில் வராமல் இருந்தால் நல்லது.

#25 சந்திமேடு

அந்தப் பதில் வரும், ஆனால் நான் அதில் கொஞ்சம்தான் நம்புவேன். தேக்கக் கணிப்பு என்று ஒன்று இருக்கிறது: உள்ளீட்டுக்குத் தகுந்தபடி நிலை மாறுகிற, பழசைக் கொஞ்சம் நினைவில் வைக்கிற எந்தப் பொருளும் அதற்கு ஆகும். ஸ்பின் ஐஸ் ஆகும், வாளித் தண்ணீரும் ஆகும். குறைபாடு வைத்து மறுவினையை வளப்படுத்தலாம் என்பது நியாயமான ஆசை.

எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுவது ஸ்பின் அலைகள், அதாவது காந்தத் திருப்பங்களின் அதிர்வுகள். ஒற்றைமுனை இருக்கிற சந்தியை ஒட்டிய தீவின் அதிர்வெண் மற்றவற்றிலிருந்து விலகும். 2013-ல் கிளிகா முதலானவர்கள் உருவகத்தில் காட்டியிருக்கிறார்கள். குறைபாட்டை எங்கே வைப்பது என்று தெரிந்தால், எந்த அதிர்வெண் எங்கே ஒலிக்கும் என்பதும் உங்கள் கையில். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு இதெல்லாம் இல்லாவிட்டாலும் போதும். படிகத்தில் ஓர் அணுவைப் பிடுங்கிவிட்டு பக்கத்து அணு எந்தப் பக்கம் திரும்பியது என்று கண்ணால் பார்க்க முடியுமா? இங்கே முடிகிறது.

#26 பழையரெசிஸ்ட்

தம்பி, அடுத்த தட்டுக்கு: அணிக்கோவை முழுவதையும் ஒரே எழுதுகளத்துக்குள் அடக்குங்கள். 80 மைக்ரான் போதும், 250 சந்தி வரும். குறைபாடுகளை ஓரத்திலிருந்து தள்ளி நடுவில் வையுங்கள். பக்கத்திலேயே குறைபாடே இல்லாத ஓர் அணிக்கோவை, அதே டோஸில். ஒப்பிட ஆள் வேண்டுமே.

#27 தீவுக்காரன்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அனீல் அடுப்புக்கு வரிசையில் நிற்கவேண்டியதாயிற்று.

80 மைக்ரான் அணிக்கோவை மூன்று எழுதினேன். ஒன்று வெறுமனே. ஒன்றில் காலியிடம் மட்டும், இம்முறை எட்டுச் சந்திக்கு ஒன்று, ஒரே மூலைவிட்ட வரிசையில். மூன்றாவதில் நடுவில் இரண்டு வரிசைப் பிசகு, அவற்றுக்கு இடையே நேர் வழியிலிருந்து கொஞ்சம் விலகி வில் மாதிரி காலியிடங்கள்.

வெறும் தட்டில் இரண்டே சுவர், இரண்டும் ஓரத்தை ஒட்டி. நேர்க்கோடு எதுவும் இல்லை. தையல் போயே போச்சு.

இரண்டாவதில் ஒரு சுவர்தான் வந்தது, அது காலியிட வரிசையில் ஏறி ஆறு காலியிடத்தைத் தொட்டு இறங்கிப் போகிறது. ஒரே சுவர் என்பதால் பெருமை பேசப் போவதில்லை. இன்னும் நாலு முறை அனீல் செய்து எண்ண வேண்டும்.

மூன்றாவதில் இரண்டு பிசகையும் சுவர் இணைக்கிறது. அக்கா சொன்ன மாதிரியே கிளம்பியிருக்கிறது, முடிந்திருக்கிறது. வழியில் வில்லைத் தொடர்ந்து ஐந்து காலியிடம் வரை போனது. ஆறாவதை விட்டுவிட்டுக் குறுக்கே வெட்டி நேராகப் பிசகுக்குள் இறங்கிவிட்டது. அந்த ஆறாவதை எஸ்.இ.எம்.-ல் போய்ப் பார்த்தேன். பழையரெசிஸ்ட் அண்ணாவின் முதல் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? குழிக்குள் கிழிந்த உலோகத் துண்டு ஒன்று கோணலாகப் படுத்திருக்கிறது.

ஊசிச் சோதனையும் செய்துவிட்டேன், இரண்டு திசையிலும் ஒரே படம்.

#28 மாண்டிகார்லோ

அந்த ஆறாவதைத் தூக்கிப் போடாதீர்கள். துண்டின் நீள அகலத்தையும் கோணத்தையும் அளந்து அனுப்புங்கள், அப்படியே மியூமேக்ஸில் போட்டு அந்தச் சந்தியின் சுங்கம் எவ்வளவு என்று பார்க்கிறேன். முழுத் தீவும் இல்லாமல், முழுக் காலியிடமும் இல்லாமல் நடுவில் ஓர் எண் வந்தால், அது எட்டுச் சந்தி வில்லில் விலகிப் போவதற்குப் போதுமா போதாதா என்று சொல்லிவிடலாம்.

#29 தீவுக்காரன்

சுமார் 120க்கு 50, செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வு. ஒரு முனை தட்டில் ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருக்கிறது, தடிமன் தெரியவில்லை. சாய்வுக் கோணத்தில் இன்னொரு படம் எடுத்துவிட்டு இரவு போடுகிறேன்.